மூடினால் அடங்க மறுக்கும் பாப்-அப் அட்டை: ஹாலோவீன் அட்டைகளில் நேரும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

பாப்-அப் அட்டையை, அதாவது திறந்தால் உள்ளிருந்து உருவம் எழும்பி நிற்கும் அட்டையை, நாம் திறந்து வைத்துக்கொண்டு செய்கிறோம். அது கெடுவதோ மூடும்போது. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமைகளில் குழந்தைகளுக்குத் தாள் வேலை சொல்லிக்கொடுத்து வருகிறேன். அக்டோபர் 31 நெருங்கினால், ஓசூரில் அடுக்ககங்களில் குடியிருக்கும் உறவினர் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொள்வார்கள். அவர்களுடைய குடியிருப்பில் ஹாலோவீன் என்னும் மேலைநாட்டுப் பேய்த் திருவிழாவைக் கொண்டாடுகிறார்கள், நண்பர்களுக்குக் கொடுக்க அட்டை வேண்டும் என்பார்கள். கடையில் புதிதாக எதையும் வாங்காமல், வீட்டில் எஞ்சிய பொருள்களைக் கொண்டே செய்கிறோம்: பழைய கல்யாணப் பத்திரிகைகள், கொலு அலங்காரத்தில் மிஞ்சிய வண்ணத்தாள், பள்ளிச் செயல்திட்டத்துக்கு வாங்கி மிஞ்சிய கறுப்புச் சார்ட், தினசரி நாட்காட்டியின் பின்னட்டை, புடவைப் பெட்டி, ஜிகினா, பொட்டு அட்டை, எழுதித் தீர்ந்த ரீபில். பத்திரிகைகளில் பிள்ளையார் படமோ குலதெய்வத்தின் படமோ இருந்தால் அந்தப் பகுதியை முதலிலேயே வெட்டித் தனியே எடுத்து வைத்துவிடுகிறேன். பேய்க்கும் வௌவாலுக்கும் அதைப் பயன்படுத்த எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வராது.

கீழே வரும் அளவுகள் எல்லாம், ஒரு ஏ4 தாளை, அதாவது 29.7 செ.மீ. நீளமும் 21 செ.மீ. அகலமும் உள்ள தாளை, நீளம் பாதியாகும்படி மடித்த அட்டைக்கு உரியவை. அப்போது நடுமடிப்பிலிருந்து வெளி ஓரம் வரை ஏறத்தாழ 14.8 செ.மீ. கிடைக்கும். இந்த 14.8 என்ற எண்ணை அட்டையின் பின்புறத்திலேயே பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; முதல் பிழைக்கு அது திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

மூடியபின் உருவம் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது

மிகுதியாக நேரும் பிழை இதுதான். சென்ற ஆண்டு எட்டு வயதுப் பெண் ஒருத்தி, கறுப்புச் சார்ட்டில் அரை நாள் செலவழித்து வௌவால் ஒன்றை வெட்டி ஒட்டிவிட்டு, அட்டையை மூடியதும் "அத்தை, சிறகு வெளியே வருது" என்று முகம் வாடி நின்றாள். வெளியே வந்தது ஒரு செ.மீ. கூட இல்லை. ஆனால் அந்த நுனி உறைக்குள் போகும்போது மடங்கும், மடங்கிய சிறகு மறுபடி நேராகாது.

எந்த வகை மடிப்பு என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். முதலாவது பெட்டி மடிப்பு: நடுமடிப்பின் குறுக்கே இரண்டு இணைவெட்டுகள் போட்டு, நடுத்துண்டை உள்ளே தள்ளினால், அட்டையைச் செங்கோணமாகத் திறக்கும்போது சிறு பெட்டிபோல் எழும்பி நிற்பது. பூசணிக்காயை அந்தப் பெட்டியின் முன்முகத்தில், அடி தரையை, அதாவது அட்டையின் கீழ்ப்பாதியை, தொடும்படி ஒட்டுகிறோம். அட்டை மூடும்போது இந்த முன்முகம் முன்னோக்கிப் படுத்துவிடும். ஆகவே பெட்டியின் ஆழத்தையும் பூசணிக்காயின் உயரத்தையும் கூட்டினால் வரும் எண் 14.8-ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும். பெட்டி 4 செ.மீ. ஆழம் என்றால் பூசணிக்காய் 10 செ.மீ. வரை இருக்கலாம், 12 செ.மீ. பூசணிக்காய் நிச்சயமாக வெளியே எட்டிப் பார்க்கும். ஒட்டிவிட்ட பிறகு இதைக் கண்டுபிடித்தால், உருவத்தின் தலையை வெட்ட வேண்டியதில்லை. உருவத்தை மட்டும் கழற்றி, ஆழம் குறைந்த வேறொரு பெட்டி மடிப்பைத் தனித் துண்டாகச் செய்து ஒட்டி, அதன்மேல் அதே உருவத்தைப் பொருத்தலாம்.

இரண்டாவது 'வி' மடிப்பு: உருவத்தை நடுவில் மடித்து, அதன் அடியில் பசை தடவ விட்டிருக்கும் இரண்டு சிறு பட்டைகளையும், அதாவது நாக்குகளையும், நடுமடிப்பின் இரு பக்கமும் 'வி' எழுத்தின் வடிவில் ஒட்டுவது. சிறகு விரித்த வௌவாலுக்கு இதைவிடப் பொருத்தமான மடிப்பு இல்லை. அடி நேராக வெட்டப்பட்ட உருவம், அட்டை திறந்திருக்கும்போது செங்குத்தாக நிற்கும். மூடும்போது 'வி'யின் கூர்முனை எந்தப் பக்கம் நோக்குகிறதோ அந்தப் பக்கமாகச் சாயும். நாக்குகளை நடுமடிப்போடு 45 பாகையில் ஒட்டியிருந்தால் கணக்கு எளிது. சிறகு நுனி, உருவத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, இரண்டையும் கூட்டி, 0.7-ஆல் பெருக்குங்கள். மூடிய நிலையில் நுனி நடுமடிப்பிலிருந்து அவ்வளவு தூரத்தில் வந்து படுக்கும். அந்தப் பெண்ணின் வௌவாலுக்குச் சிறகு 12 செ.மீ., உயரம் 10 செ.மீ.; கூட்டினால் 22, பெருக்கினால் 15.4. வெளியே வந்த அரை செ.மீ.க்குச் சற்று மேற்பட்ட நுனிக்குக் காரணம் அந்த எண்தான். சிறகை 10 செ.மீ. ஆகக் குறைத்தால் 14 வரும், அடங்கிவிடும். நாங்கள் நுனிகளை வளைவாகச் செதுக்கிச் சரிசெய்தோம். வௌவாலின் சிறகு இயல்பிலேயே அப்படித்தான் இருக்கும் என்பதால் வெட்டியது தெரியவே இல்லை.

'வி' மடிப்பில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உருவத்தின் நடுக்கோடு கூர்முனைப் பக்கமாகச் சாய்வதால், 10 செ.மீ. உயர உருவத்துக்குக் கூர்முனையிலிருந்து அந்தப் பக்க ஓரம் வரை குறைந்தது 7 செ.மீ. இடம் வேண்டும். இல்லையென்றால் பக்கவாட்டில் அடங்கிய உருவம் மேல் ஓரத்தில் நீட்டிக்கொள்ளும்.

அட்டை முழுவதும் மூடாமல் நடுவில் தடுத்து நிற்கிறது

வெளியே எதுவும் நீட்டவில்லை, ஆனால் அட்டை வாயைத் திறந்துகொண்டே இருக்கிறது. அழுத்தினால் உள்ளே ஏதோ நொறுங்குவது போன்ற ஓசை கேட்கிறது. அழுத்தாதீர்கள். அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மேல் ஓரத்திலிருந்து உள்ளே பார்த்தபடி மெல்ல மூடுங்கள். எந்தத் துண்டு முதலில் வளைகிறதோ அதுதான் தவறான இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.

தனித்துண்டாக ஒட்டிய பெட்டி மடிப்பானால் இந்தக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்: நடுமடிப்பிலிருந்து கீழ் நாக்கு வரை உள்ள தூரத்தோடு முன்முகத்தின் உயரத்தைக் கூட்டினால் வருவதும், நடுமடிப்பிலிருந்து மேல் நாக்கு வரை உள்ள தூரத்தோடு மேல்முகத்தின் நீளத்தைக் கூட்டினால் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். கீழே 4, முன்முகம் 6, மேலே 6, மேல்முகம் 4 என்றால் இரண்டு பக்கமும் 10. கைதவறிக் கீழ் நாக்கை 5 செ.மீ.யில் ஒட்டினால் ஒரு பக்கம் 11, மறுபக்கம் 10. அந்த ஒரு செ.மீ. எங்கும் போக வழியில்லாமல் அட்டையைத் தடுக்கிறது. ஒரே தாளை வெட்டி மடித்து எழுப்பும் அட்டைகளில் இந்தப் பிழை அரிது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் மசாஹிரோ சாதானி தனிக்கலையாக வளர்த்தெடுத்த அட்டைகள் அவ்வகையைச் சேர்ந்தவை: பெரும்பாலும் பசையே இல்லை, வெட்டும் மடிப்பும் மட்டும். நாம் எஞ்சிய துண்டுகளை ஒட்டிச் செய்வதால் நாக்கு நகரும் வாய்ப்பு நமக்குத்தான் அதிகம்.

இதற்கு நான் குழந்தைகளுக்குக் கட்டாயமாகப் பழக்கும் முறை ஒன்று உண்டு. முதல் நாக்கை மட்டும் அட்டையில் ஒட்டிக் காயவிட வேண்டும். பிறகு உருவத்தை அதன் மடிப்பில் தட்டையாக மடித்துப் படுக்கவைத்து, மேலே தெரியும் இரண்டாவது நாக்கின்மேல் பசை தடவி, அட்டையின் மறுபாதியை அதன்மேல் மூடி அழுத்த வேண்டும். நாக்கு தன் இடத்தைத் தானே கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும். ஸ்கேலால் அளந்து ஒட்டியதைவிடச் சரியாக இருக்கும். 'வி' மடிப்பின் இரண்டு கைகளும் ஒரே கோணத்தில் அமையாமல் உருவம் திருகிக்கொள்வதற்கும் இதே மருந்துதான். ஆனால் 'வி'யில், உருவத்தின் நடுமடிப்பின் அடிப்புள்ளி அட்டையின் நடுமடிப்பின்மேல் அச்சொட்டாக உட்கார்ந்திருக்க வேண்டும். அது இரண்டு மி.மீ. விலகினாலும் மூடி ஒட்டும் முறையும் காப்பாற்றாது.

ஏற்கெனவே ஒட்டி இறுகிவிட்ட நாக்கைத் தண்ணீர் தொட்டுப் பிரிக்க முயல வேண்டாம். அட்டையின் மேற்பரப்பு உரிந்து வரும். நாக்கை மடிப்புக் கோட்டிலேயே வெட்டிவிட்டு, கல்யாணப் பத்திரிகைத் தாளில் 1 செ.மீ. அகலத்தில் புதிய நாக்கு ஒன்றை உருவத்தின் பின்னால் ஒட்டி, மூடி ஒட்டும் முறையில் தொடங்குங்கள்.

கணக்கெல்லாம் சரியாக இருந்தும் மூடவில்லை என்றால் காரணம் தடிமன். தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருப்பதாலும், இரு மாவட்டங்களிலும் பட்டுப்புழு வளர்ப்போர் இருப்பதாலும், விலைபோகாத ஓட்டைக் கூடுகள் எங்கள் கைக்கு எளிதில் வருகின்றன. வெள்ளைக் கூட்டை நீளவாக்கில் பாதியாக வெட்டி, இரண்டு கறுப்புப் பொட்டுகளைக் கண்ணாக ஒட்டினால் அது குட்டிப் பேயாகிவிடும். பிள்ளைகளுக்கு இதில் உள்ள ஆசையைச் சொல்லி முடியாது. ஆனால் அதன் குமிழ் அட்டையை மூட விடாது. பட்டிழைகளை ஒட்டி வைத்திருக்கும் செரிசின் என்ற இயற்கைப் பசை வெந்நீரில் இளகி, காய்ந்தால் மீண்டும் இறுகும். ஆகவே பெரியவர் ஒருவர் பாதிக் கூட்டை வெந்நீரில் சிறிது நேரம் போட்டெடுத்து, துணிக்கு நடுவில் வைத்துக் கனமான புத்தகத்தின் அடியில் ஒரு இரவு அழுத்தி வைத்தால், காலையில் அது தாள்போல் தட்டையாகி, பட்டின் மினுமினுப்பு குறையாமல் இருக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் கூட்டுப்புழுத் தோலை முதலில் எடுத்துவிட மறக்க வேண்டாம். தெர்மாகோல் துண்டுகளுக்கு இப்படி வழியில்லை. அவற்றை அட்டையின் வெளிமுகப்புக்கு ஒதுக்கிவிடுங்கள்.

முழுவதும் திறக்கவில்லை, அல்லது திறக்கும்போது நாக்கு பிய்கிறது

மேலும் கீழும் நாக்குகள் நடுமடிப்பிலிருந்து உள்ள தூரங்களின் கூட்டுத்தொகை, எழும்பும் துண்டின் மொத்த நீளத்தைத் தாண்டிவிட்டது. மேலே சொன்ன அதே கைதவறல்தான், இங்கே வேறு முகத்தோடு வருகிறது. துண்டை நீளமாக மாற்றுங்கள். செங்கோணம் வரை மட்டுமே திறக்க வேண்டிய அட்டையானால், அதை மேசைமேல் நிறுத்தி வைக்கும்படி உள்ளே ஒரு வரி எழுதிவிட்டாலும் போதும்.

உருவம் நிமிராமல் துவண்டு தொங்குகிறது

சாதாரண நகல் தாள் 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) எடையுள்ளது, அதில் வெட்டிய பேய் நிற்காது. கல்யாணப் பத்திரிகையின் தாள் அதைவிடப் பன்மடங்கு கனம் என்பதால் உருவத்துக்கு ஏற்றது. ஆனால் கனமான தாளிலும் உருவம் துவண்டால், தாளின் நார் ஓடும் திசையைப் பாருங்கள். தாளை வெட்டும் முன் இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால், ஒரு திசையில் எளிதாக வளையும், மறு திசையில் எதிர்க்கும். எளிதாக வளையும்போது உருவாகும் உருளையின் நீளத்திசையே நாரின் திசை. நார் மேல்கீழாக ஓடும்படி உருவத்தை வெட்டினால் அது நிமிர்ந்து நிற்கும், நடுமடிப்பும் பிசிறில்லாமல் விழும். குறுக்கே ஓடினால் இரண்டும் கெடும். எஞ்சிய துண்டுகளில் வேலை செய்யும்போது, துண்டு எந்தப் பக்கம் நீளமாக இருக்கிறதோ அந்தப் பக்கமாக வெட்டிவிடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அங்கேதான் இந்தப் பிழை பிறக்கிறது. புதிதாக வெட்ட மனமில்லை என்றால் பின்னால் ஒரு மெல்லிய பட்டையை, நார் செங்குத்தாக ஓடும்படி, நடுமடிப்பைத் தொடாமல் ஒட்டுங்கள்.

மடிப்பில் வெள்ளையாக வெடிக்கிறது

கறுப்புச் சார்ட்டில் இது பளிச்சென்று தெரியும். சில தாள்கள் உள்ளும் புறமும் சாயம் ஏறியவை. சிலவற்றில் மேலே மட்டும் நிறம். ஒரு மூலையைக் கிழித்துப் பார்த்தால் உள்நிறம் தெரிந்துவிடும். வெள்ளை தெரிந்தால், மடித்த பிறகு மடிப்பிலும் வெட்டு ஓரங்களிலும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவைப் பக்கவாட்டில் சாய்த்து ஓட்டுங்கள். அந்த வேலையை ஒட்டும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

வெடிப்பைத் தவிர்க்க, மடிப்பதற்கு முன் எழுதித் தீர்ந்த ரீபிலால் ஸ்கேலை ஒட்டி ஒரு கோடு அழுத்திப் போட வேண்டும். கட்டரால் பாதி ஆழம் கீறி மடிப்பவர்கள் உண்டு. அது முதல்நாள் அழகாக மடியும், ஆனால் நாலு குழந்தைகள் திறந்து மூடிய பிறகு அங்கேயே அறுந்துபோகும். பத்திரிகைகளில் தங்க அச்சு ஓடும் இடத்தை மடிப்புக்குத் தேர்ந்தெடுக்கவே கூடாது, அது எப்படியும் உரியும்.

ஒட்டிய இடம் அலையலையாகச் சுருங்குகிறது, அல்லது மறுநாள் பிரிந்துவிடுகிறது

இரண்டும் பசையின் குற்றம்தான், ஆனால் எதிரெதிர்க் காரணங்கள். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையிலும் மைதாப் பசையிலும் தண்ணீர் இருக்கிறது. அதை உறிஞ்சித் தாள் உப்பி, காயும்போது சமமின்றிச் சுருங்குகிறது. பசையைக் குப்பியிலிருந்து நேரே பிழியாமல், பழைய அட்டைத் துண்டின் ஓரத்தால் மெல்லிய படலமாக இழுத்து, நாக்கில் மட்டும் தடவி, கனத்தின் அடியில் வைக்க வேண்டும். அக்டோபர் பிற்பகுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுவதால் காற்றில் ஈரம் மிகுந்து, பசை காய்வதற்கு நேரம் பிடிக்கிறது. ஒரு இரவு முழுவதும் விட்டுவிடுகிறேன். மைதாப் பசையில் பூச்சி அண்டாமல் இருக்க மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். அது நஞ்சு; குழந்தைகள் கைபடும் அட்டைக்கு வேண்டவே வேண்டாம்.

மறுநாள் பிரிந்துவிடுவது பெரும்பாலும் வழவழப்பான மேற்பூச்சுள்ள பத்திரிகைத் தாளில் நேர்கிறது. பசை உள்ளே இறங்க இடமில்லை. நாக்கு அமரும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் பிடித்துக்கொள்ளும். இரட்டைப் பக்க டேப் இருந்தால் அதுவும் நன்று. ஆனால் டேப் ஒட்டியவுடன் பிடித்துக்கொள்வதால் நாக்கை நகர்த்திச் சரிசெய்ய முடியாது. மூடி ஒட்டும் முறையைக் கைவரப் பெற்ற பிறகே டேப்பைத் தொடுங்கள்.

சிலந்தி வலை நூல் சிக்கிக்கொள்கிறது

அட்டை மூடும்போது நூல் தளர்ந்து, எழும்பும் துண்டில் மாட்டிக்கொள்கிறது. நூலை அட்டையின் இரு பாதிகளுக்கும் குறுக்கே கட்டுவதை விட்டு, எழும்பும் துண்டிலேயே ஒரு வட்டம் வெட்டி அந்த வட்டத்துக்குள் கட்டினால் மூடும்போதும் நூல் இறுக்கமாகவே இருக்கும்.

பூசணி முகம் உயிரில்லாமல் இருக்கிறது, பார்ப்பவர்கள் திருஷ்டிப் பூசணி என்கிறார்கள்

இதை நான் மிகவும் பொருட்படுத்துகிறேன், ஏனென்றால் அளவுகள் எல்லாம் சரியாக அமைந்த அட்டையும் இங்கே தோற்றுவிடும். நம் வீட்டு வாசலில் தொங்குவது வெண்பூசணி. அதில் மீசையும் கோரைப்பல்லும் மேலே வரையப்பட்டவை. ஹாலோவீன் பூசணி ஆரஞ்சு நிறப் பரங்கி. அயர்லாந்தில் முதலில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறிய பிறகு, அங்கே எளிதில் கிடைத்த பெரிய பரங்கி அதன் இடத்தைப் பிடித்தது. அந்த முகம் வரைந்தது அன்று, குடைந்தது. கண் வழியே உள்ளிருக்கும் வெளிச்சம் தெரிய வேண்டும். ஆகவே கண்ணையும் வாயையும் ஸ்கெட்ச் பேனாவால் தீட்டாமல் வெட்டி எடுத்துவிட்டு, பின்னால் மஞ்சள் வண்ணத்தாளை ஒட்டுங்கள். பரங்கியின் வரிகளை ரீபிலால் மேலிருந்து கீழாக வளைத்து அழுத்தினால் காய்க்கு உருட்சி வரும். காம்புக்குப் புடவைப் பெட்டியின் பழுப்பு அட்டை போதும். எங்கள் திண்ணையில் ஒரு பையன் மஞ்சளுக்குப் பதில் ஜிகினாத் தாளை ஒட்டினான். சாயங்கால வெயிலில் அட்டையைத் திறந்தபோது அந்தக் கண்கள் உண்மையாகவே எரிந்தன.

பேய்க்கும் வௌவாலுக்கும் ஒட்டும் பொட்டுக் கண்கள் மட்டும் விழுந்துகொண்டே இருக்கும். பொட்டின் பசை தோலுக்காகச் செய்யப்பட்ட மென்மையான பசை. அடியில் ஒரு துளி ஃபெவிகால் வைத்துவிடுங்கள். தூவிய ஜிகினாத் தூள் உதிர்ந்தால், காய்ந்த பிறகு அட்டையைக் கவிழ்த்து நன்றாகத் தட்டிவிட்டு உறையில் இடுங்கள்.

உறைக்குள் போகவில்லை, போனாலும் உப்பிக்கொள்கிறது

இந்த அட்டைக்கு 16.2 × 22.9 செ.மீ. உறை சரியாக இருக்கும். கல்யாணப் பத்திரிகையோடு மிஞ்சிய உறையைப் பயன்படுத்துவதானால் வேலையை அங்கிருந்து தொடங்க வேண்டும்: உறையை அளந்து, அதைவிட நீளத்திலும் அகலத்திலும் அரை செ.மீ. குறைவாக அட்டையை வெட்டி, 14.8-க்குப் பதிலாக அந்தப் புதிய எண்ணைப் பின்புறத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்த அட்டை உப்பிக்கொண்டிருந்தால் மூடிய நிலையில் ஒரு இரவு புத்தகங்களின் அடியில் வையுங்கள். அஞ்சலில் அனுப்புவதானால், நாட்காட்டி அட்டையை அதே அளவுக்கு வெட்டி, அட்டையின் முகப்புப் பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றும் சேர்த்து உறையில் இடுங்கள்.